முறுக்கு கடித்ததும் பெயர்ந்து விழுந்த பீங்கான் பல்! “பிரேத பரிசோதனை”யில் அம்பலமான உண்மை

(நமது நிருபர்)

சென்னை:-

முறுக்கைக் கடித்ததும் முன்பல் ‘படக்’ என்று பெயர்ந்து விழுந்தது. அதுவும் சொந்தப் பல் அல்ல. கட்டி 4 மாதமே ஆன பீங்கான் பல்!

பல்லைப் பறிகொடுத்தவர் வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர். வயது 46. மகள் கல்யாணம் நெருங்கியது. “பொக்கை வாயோட சம்பந்தி முன்னால நிக்க முடியுமா?” என்று, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மேல் வரிசையில் 3 பல் சேர்த்து ‘பிரிட்ஜ்’ போட்டுக்கொண்டார்.

உடைந்த துண்டைத் தீப்பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வேறு ஒரு பல் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் அதை எழும்பூர் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் டெண்டல் லேபுக்கு அனுப்பினார். நிருபரும் கூடவே போனார்.

பிரேத பரிசோதனை

லேபில் 30 வருடமாக வேலை பார்க்கும் டெக்னீஷியன், துண்டையும் பிரிட்ஜையும் பூதக்கண்ணாடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:-

“தம்பி, கொலைக் கேசுல பிணத்தப் பாத்து சொல்ற மாதிரிதான் இதுவும். பீங்கானே நடுவுல உடைஞ்சு, பாதி மேல ஒட்டியிருந்தா, வேகமா கடிச்சதுல உடைஞ்சதுன்னு சொல்லலாம். இங்க உலோகம் மொட்டையா பளபளன்னு தெரியுது பாருங்க. பீங்கான் பிடிக்கவே இல்ல. தோல் உரியற மாதிரி உரிஞ்சிருக்கு.”

இதற்கு 2 காரணம் இருக்கலாம் என்றார். ஒன்று, மாவு பூசும் முன் உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ கை அழுக்கோ பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உலோகத்துக்குப் பொருந்தாத மாவைப் பூசியிருக்க வேண்டும்.

மாவிலே இருக்குது சூட்சுமம்

பீங்கான் பல் எப்படி உருவாகிறது? விவரம் வருமாறு:-

டாக்டர் எடுத்து அனுப்பும் அளவில் கல் மாவு ஊற்றி மாதிரிப் பல் செய்கிறார்கள். அதன் மேல் மெழுகில் தொப்பி செய்து, அதை உலோகத்தில் வார்க்கிறார்கள். பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவை.

உலோகத்தின் கறுப்பை மறைக்க முதல் பூச்சு. அடுத்தது பல்லின் உள் நிறம். அதற்கு மேல் கண்ணாடி போன்ற வெளிப்பூச்சு. ஒவ்வொரு தடவையும் காற்றை உறிஞ்சி எடுத்த சூளையில், சாதாரணமாக 900 டிகிரி வாக்கில் சுடுகிறார்கள். மாவு வெந்ததும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் முதலிலேயே பெரிதாகக் கட்ட வேண்டும்.

சூட்டில் உலோகமும் விரியும், பீங்கானும் விரியும். உலோகத்தின் விரிவுக் கணக்கு 14 என்றால் பீங்கானுக்கு 13 வாக்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறும்போது உலோகம் பீங்கானைப் பிடித்து இறுக்கும். கணக்கு தவறினால் விரிசல்தான்.

இப்போது வந்திருக்கும் ‘ஜிர்கோனியா’ வெள்ளைப் பல்லுக்கு இந்தக் கணக்கு 10½ தான். அதற்குத் தனி மாவு. “ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கும். அவசரத்துல மாத்திப் பூசினா போச்சு!” என்றார் டெக்னீஷியன்.

எந்தப் பல்லுக்கு எது?

வலுவை ‘மெகா பாஸ்கல்’ கணக்கில் சொல்கிறார்கள். பழைய சாதாரணப் பீங்கான் 100-ஐத் தொடுவதே கஷ்டம். லித்தியம் டைசிலிகேட் 400 வாக்கில். ஜிர்கோனியாவில் 1,000-ஐத் தாண்டும் ரகமும் உண்டு.

எலும்பு கடிக்கும் கடைவாய்ப் பல்லுக்கு முழு ஜிர்கோனியா அல்லது உலோகம் தாங்கிய பல். முன்னால் ஒற்றைப் பல்லுக்கு, ஒளி ஊடுருவும் லித்தியம் ரகம் அசல் பல் போல இருக்கும். கடைவாயில் பிரிட்ஜ் போட அது ஆகாது.

நிறம் பார்க்கவும் ஒரு முறை உண்டு. ஏ, பி, சி, டி என்று பிரித்த 16 மாதிரிப் பற்கள் கொண்ட அட்டையை, பகல் வெளிச்சத்தில், பல்லை ராவுவதற்கு முன்பே வைத்துப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். உதட்டுச் சாயத்தையும் துடைத்துவிட வேண்டும்.

யுரேனியம்!

அசல் பல் ஊதாக் கதிரில் மின்னும். அதேபோல மின்ன வேண்டும் என்று ஒரு காலத்தில் பல் பீங்கானில் யுரேனியமே கலந்தார்கள்! பிறகு அதைக் கைவிட்டு வேறு பொருள்களுக்கு மாறினார்கள். இன்றைக்கு உலகத் தர விதியில் பீங்கானின் கதிர்வீச்சுக்கு உச்சவரம்பு உண்டு.

2008-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், சீனாவில் செய்த பல்லில் ஈயம் இருப்பதாகச் செய்தி கிளம்பி அமளிப்பட்டது. அந்நாட்டு பல் மருத்துவர் சங்கமே சோதனையில் இறங்கியது.

நெஞ்சில் இறங்கும் தூசி

பல் கட்டுபவருக்குப் பணம் போகிறது. செய்பவருக்கு? பீங்கானையும் வார்ப்பையும் ராவும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். சில மலிவு நிக்கல் கலவைகளில் பெரிலியம் இருந்தால் இன்னும் ஆபத்து.

தூசி உறிஞ்சும் மெஷின், முகமூடி இரண்டும் அவசியம். அந்த லேபில் மெஷின் ஓடியது. ஆனால் ஓரத்தில் ராவிக்கொண்டிருந்த பையனின் முகமூடி கழுத்தில் தொங்கியது! டெக்னீஷியன் போட்ட சத்தத்தில் அது மூக்குக்கு ஏறியது.

ரசீது எங்கே?

ஆட்டோ டிரைவர் முதலில் பல் கட்டிய இடத்தில் போய்க் கேட்டார். “என்ன உலோகம், என்ன மாவு?” என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அவர் கையில் ரசீதும் இல்லை. போட்ட பணம் போனது போனதுதான்.

பல் கட்டப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை:- உலோகமா, ஜிர்கோனியாவா? எந்தக் கம்பெனி சரக்கு? உடைந்தால் எத்தனை வருடம் வரை பொறுப்பு? இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவரிங் நகை போட்டு அரிப்பு வந்தவர்கள் நிக்கல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிரைவருக்குப் புதுப் பல் தயாராகிறது. கல்யாணத்துக்கு இன்னும் 9 நாள். “இந்த வாட்டி பல்லுக்கு முன்னாடி பில்லு!” என்றார், வாயைக் கையால் மறைத்தபடி.