சென்னையில் ஓடும் நிரல், தென்காசியில் திறக்கும் ஜன்னல்

2011இல் ஜோஹோ நிறுவனம் தென்காசியில் அலுவலகம் திறந்த பிறகு, ஊரைவிட்டுப் போகாமலே மென்பொருள் எழுதலாம் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. குற்றாலச் சாரல் பார்த்தபடி வேலை செய்பவருக்குப் பெரிய கணினி தேவைப்பட்டால், அதுவும் ஊருக்கு வர வேண்டியதில்லை. சுமார் 600 கி.மீ. தள்ளிச் சென்னையில் நிரல் ஓடும். அதன் ஜன்னல் மட்டும் தென்காசித் திரையில் திறக்கும்.

இதற்கான அடித்தளம் 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அமைந்தது. அங்கே பல நிறுவனங்களின் கணினிகள் கலந்து கிடந்தன. எதில் ஓடும் நிரலும் எந்தத் திரையிலும் தெரிய வேண்டும் என்று ராபர்ட் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் ‘எக்ஸ்’ என்ற ஜன்னல் அமைப்பை உருவாக்கினார்கள். 1987இல் வந்த அதன் 11ஆம் பதிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதில் ஒரு தலைகீழ் ஏற்பாடு உண்டு. பொதுவாகத் தொலைவில் இருந்து சேவை தரும் சர்வர், இங்கே நம் மேசையில் இருக்கிறது. சென்னை நிரல் அதன் வாடிக்கையாளர். திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றும் நம்மிடம் இருப்பதால், “இங்கே கோடு போடு, இந்த எழுத்தை எழுது” என்று நிரல்தான் நம் கணினியைக் கேட்கிறது. கோலத்தைப் படம்பிடித்து அனுப்பாமல், “15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி” என்று சொல்லி அனுப்புவது மாதிரி. இன்றைய நிரல்கள் பல, தாமே வரைந்து படமாகவும் அனுப்புகின்றன.

ஆனால் அந்தப் பேச்சு வழியில் யார் காதிலும் விழலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்து, 1995இல் டாட்டு யிலோனென் எஸ்.எஸ்.எச். என்ற மறையாக்க இணைப்பை எழுதினார். அது சென்னைக் கணினியில் ஒரு பொய்த்திரையை அமைக்கிறது. பெரும்பாலும் அதன் எண் 10. நிரல் அதையே உண்மைத் திரை என்று நம்பி வரைகிறது. வரைந்தது மறையாக்கமாகித் தென்காசிக்கு வருகிறது. திரையைத் திறக்கும் அனுமதிச் சாவியும் அங்கே போலிதான். போலி இங்கே வந்ததும் சரிபார்க்கப்பட்டு, அசல் சாவியாக மாற்றப்படும். அசல் ஒருபோதும் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை.

வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். சென்னைக்குப் போய்த் திரும்ப, நேர்க்கோட்டிலேயே சுமார் 6 மில்லிநொடி ஆகும். நிரல் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அது தெரியாது. பதில் திரும்ப 200 மில்லிநொடி ஆகும் தொலைநாட்டிலிருந்து அடுத்தடுத்து 100 கேள்வி கேட்டாலோ, ஜன்னல் திறக்க 20 நொடி ஆகும். இணைப்பை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்தத் தாமதம் குறையாது.

மறையாக்கம் காப்பது வழியை மட்டும்தான். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சோதிப்பதில்லை. அங்குள்ள கணினி கெட்டவர் கையில் சிக்கினால், இதே பாதை வழியாக நம் விசைத் தட்டல்களைக்கூடக் கவனிக்க முடியும். அதனால்தான் எஸ்.எஸ்.எச். வடிவங்களில் ஒன்றான ஓப்பன்எஸ்எஸ்எச், ஜன்னலைக் கொண்டுவரும் இந்த வசதியை அணைத்தே தருகிறது. நம்பும் கணினிக்கு மட்டும் நாம்தான் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.