மறைத்த பக்கம்

போடிநாயக்கனூர் மாணவி ஒருத்தி, இங்கிலாந்துச் சர்வகலாசாலையில் ஜவுளிச் சித்திரக் கலை பயில விரும்பித் தான் வரைந்த சுயவிளக்கத்தைக் காட்டினாள். "குழந்தைப் பிராயம் முதலே வர்ணங்களில் மோகம்" என்று ஆரம்பம்! யாருக்குத்தான் இல்லை?

2026-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அங்கே மூன்று வினாக்கள். மொத்தம் 4,000 எழுத்துக்குறிகளுக்குள் விடை. பள்ளிக்கு வெளியே என்ன பயிற்சி என்ற மூன்றாவது வினாவுக்கு அவள் ஒன்றுமே எழுதவில்லை.

விசாரித்தேன். தாயார் கிடங்கில் ஏலக்காய் தரம் பிரிப்பவராம். விடுமுறைகளில் இவளும் அருகமர்ந்து, பருமனையும் பச்சையின் சாயலையும் பார்த்துக் காய் பிரித்திருக்கிறாள். சின்னாளபட்டி அத்தை வீட்டில் சுங்கடிக்கு முடிச்சும் போட்டிருக்கிறாள். நூலால் இறுகக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி.

"இதையெல்லாமா ஸார் எழுதுவது? வெட்கமாயிருக்காதா?"

"இதைத்தான் அம்மா எழுதவேண்டும்."

மறுநாள் கொண்டுவந்த தாளில் மோகம் போயிருந்தது. முதல் வரியிலேயே தாயாரின் சுளகு.