862 ஓட்டும் 118 இடமும்

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் விருத்தாசலம் தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 862 ஓட்டு. ஒரு பெரிய வாக்குச்சாவடியின் பட்டியலில் இருக்கும் பெயர்கள் அவ்வளவுதான். காங்கிரஸின் எம்.ஆர்.ஆர். ராதாகிருஷ்ணன் 77,064 வாங்கினார், பா.ம.க.வின் ஜெ. கார்த்திகேயன் 76,202. தே.மு.தி.க.வின் பிரேமலதா விஜயகாந்த் 25,908 வாங்கி மூன்றாமிடத்தில் நின்றார். ஆறில் ஒரு பங்கு வராததால் டெபாசிட்டும் போயிற்று. வென்றவர் பெற்றது நூற்றுக்கு 39. மீதி 61 பேர் வேறு யாருக்கோ போட்டவர்கள். அந்த 61 பேரின் ஓட்டு சென்னைக்குப் போய் எந்தக் கணக்கிலும் சேரவில்லை, தொகுதி எல்லைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

யார் ஆள்வது என்பதில் ஓட்டுக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன். 2006-இல் விஜயகாந்த் தன் புதிய கட்சியான தே.மு.தி.க.வை 232 தொகுதிகளில் நிறுத்தினார். மாநிலம் முழுக்க 27 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு, 8.4 சதவீதம். கிடைத்த இடம் ஒன்றே ஒன்று. அது விருத்தாசலம். ஓட்டு விகிதப்படி இடம் கொடுத்திருந்தால் 234-இல் ஏறக்குறைய 20 வந்திருக்கும். ஐந்து வருஷம் கழித்து 2011-இல் அதே கட்சி அ.தி.மு.க. கூட்டணியில் 41 தொகுதிகளில் மட்டும் நின்றது. சதவீதம் 7.9 ஆகக் குறைந்தது. இடமோ 29. அந்தத் தேர்தலில் 22 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு 23 இடம்தான். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார்.

விகிதம் குறைந்த பிறகு இடம் எப்படிப் பெருகியது? நின்ற 41 தொகுதிகளிலேயே ஓட்டு குவிந்ததால். 234 தொகுதியிலும் பரவிக் கிடந்தால் எங்கேயும் முதலிடம் வராது. ஒரு தொகுதியில் மற்ற எல்லோரையும்விட ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் வென்றார் என்பதுதான் நம் சட்டம். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அதிக ஓட்டு வாங்கிய கட்சிதான் ஆள வேண்டும் என்றும் அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. அமைச்சரவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பானது என்கிறது 164-வது பிரிவு. அதாவது 234-இல் 118 பேர் கை தூக்க வேண்டும். அந்தப் பலத்தைச் சபையில்தான் நிரூபிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் தலை எண்ணி முடிவு செய்யக் கூடாது என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 2006-இல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான் கிடைத்தது. காங்கிரஸ் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் கருணாநிதி ஐந்தாண்டும் ஆண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்: ‘இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம், ஆனால் அந்தக் கட்சி ஆள்கிறது, மக்கள் ஏமாற்றப்பட்டார்கள்.’ அதை அனுப்புவதற்கு முன் எத்தனை தொகுதியில் நின்றார்கள் என்று பாருங்கள். 2006-இல் அ.தி.மு.க. 32.6 சதவீதம், தி.மு.க. 26.5 சதவீதம் என்பது உண்மை. ஆனால் முதலாவது 188 தொகுதியில் நின்றது, இரண்டாவது 132-இல். கூட்டணியாகக் கூட்டினால் தி.மு.க. அணிதான் முன்னே இருந்தது. 1967-லும் இதே கதை: காங்கிரஸ் 41.1, தி.மு.க. 40.7. ஆனால் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, தி.மு.க. 174-இல். அண்ணாவின் வெற்றியைக் கள்ள வெற்றி என்று யாரும் சொல்ல முடியாது. நிஜமாகவே தலைகீழானதும் உண்டு. 2018-இல் மத்தியப் பிரதேசத்தில் இரு பெரிய கட்சிகளும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றன, பா.ஜ.க. 41.0 சதவீதம் வாங்கி 109 இடம், காங்கிரஸ் 40.9 சதவீதம் வாங்கி 114 இடம். ஆட்சி காங்கிரஸுக்குப் போனது.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், பாதி ஓட்டு வாங்கியவர் கிட்டத்தட்ட முழுச் சபையையும் வாங்கிக்கொள்ளும்போது. இலங்கையில் 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத ஓட்டில் 168-இல் 140 இடங்களைப் பிடித்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கியும் 8 இடத்தோடு நின்றது. 6 சதவீதம் சொச்சம் வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கு கிழக்கில் குவிந்திருந்ததால் 18 இடம் பெற்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தப் பெரும்பான்மையை வைத்து ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்த்தன அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு எழுதினார். 1982-இல் பொதுத்தேர்தலையே தள்ளிவைத்து, பொதுவாக்கெடுப்பு ஒன்றின் மூலம் அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். தடுத்து நிறுத்தும் பலம் எதிர்வரிசையில் இல்லை.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் விகிதாசார முறையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். எழுத்தறிவு குறைந்த நாட்டில் அது மக்களுக்குச் சிக்கலாகும், கட்சிகள் சிதறி ஆட்சி நிற்காது என்று அம்பேத்கர் மறுத்தார். அன்றைக்கு அது நியாயமான பதில். 1999-இல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் ஒரு நடுவழி சொன்னது: இப்போதுள்ள தொகுதிகள் அப்படியே இருக்கட்டும், மக்களவையில் கூடுதலாகக் கால் பங்கு இடம் சேர்த்து அதைக் கட்சிகளின் ஓட்டு விகிதப்படி நிரப்பலாம். நியூசிலாந்தில் 1996 முதல் வேட்பாளருக்கு ஓர் ஓட்டு, கட்சிக்கு ஓர் ஓட்டு என்று மக்கள் போட்டு வருகிறார்கள். நம்மிடம் அந்த அறிக்கை தூங்குகிறது. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் சாலை, சாக்கடையோடு இதையும் கேளுங்கள்.

அதுவரை நம் ஓட்டு தொகுதிக்குள்தான் எண்ணப்படும். ஆகவே அதை இங்கேயே காப்பாற்ற வேண்டும். பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950-க்குப் பேசலாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு ஊரெல்லாம் தெரிந்த 49பி (49P) விதியின்படி, அடையாளத்தைக் காட்டி வாக்குச்சீட்டு கேளுங்கள். அது அன்றைய எண்ணிக்கையில் சேராது, உறையில் மூடி வைக்கப்படும். வித்தியாசம் சிறிதாக இருந்து வழக்கு வந்தால் அது சாட்சி. மறு எண்ணிக்கையை வேட்பாளரோ ஏஜென்ட்டோ முடிவை அறிவிக்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். அறிவித்த பிறகு ஒரே வழி, 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அதை வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் போடலாம். ஆனால் வழக்கு நத்தை வேகத்தில்தான் நகரும். 2016-இல் ராதாபுரத்தில் 49 ஓட்டில் தோற்ற அப்பாவு வழக்குப் போட்டார். 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னபடி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது.

எல்லாவற்றுக்கும் முன்னால், சாவடிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் செராமிக் கம்பெனிகளில் அச்சில் மண் குழம்பு ஊற்றுகிறவர்களும், பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பெண்களும், பியூஸ் கேரியர் அடுக்குகிறவர்களும் பெரும்பாலும் அன்றன்றைக் கூலிக்காரர்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு என்ற பயத்தில் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 135பி (135B) பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்கும் அது உண்டு. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னது, ஆனால் புகார் கொடுக்க உரிமை இருக்கிறது. ஒரு விலக்கும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது: ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரு நஷ்டமோ வரும் வேலையில் இருப்பவருக்கு விடுமுறை கட்டாயமில்லை. எரிகிற சூளை அப்படிப்பட்டது. நெருப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது விட்டுப் போனால் உள்ளே இருக்கும் சரக்கு முழுக்க வீண். அதனால் சூளை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்டுப்போடும் நாளுக்கு முந்தின இரவு சூளையைப் பற்றவைக்காதீர்கள். மறுநாள் சாவடி மூடிய பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம்.