எடின்பரோவில் இருட்டிய பிறகு

மாலை மங்கியதும் எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தருகே கறுப்பு அங்கி அணிந்த சிலர் வந்து நிற்பார்கள். பேய் நடைக்கு ஆள் சேர்ப்பவர்கள். கட்டணம் கட்டியவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துத் தலைநகரின் பழைய பகுதிக்குள் நுழைவார்கள். இருட்டு மூலையில் பதுங்கியிருக்கும் கூட்டாளி ஒருவர் திடீரென்று பாய்ந்து அலறவைப்பதும் உண்டு.

அந்த அலறல் ஒரு நொடியில் சிரிப்பாகிவிடும். வழிகாட்டி அடுத்துச் சொல்லும் சம்பவங்கள் அப்படி விடுவதில்லை. அவற்றில் பல நீதிமன்றப் பதிவில் இருப்பவை.

கிராஸ்மார்க்கெட் சதுக்கம் ஒருகாலத்தில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடும் இடம். கர்ப்பத்தை மறைத்தாள் என்ற குற்றத்துக்காக மேகி டிக்சன் என்ற பெண்ணை 1724-இல் இங்கே தூக்கிலிட்டார்கள். புதைக்கக் கொண்டுபோகும் வழியில் சவப்பெட்டிக்குள் சத்தம் கேட்டது. திறந்தால், உயிரோடு இருந்தாள்! அதன்பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள். இன்று அதே சதுக்கத்தில் அவள் பெயரில் ஒரு மதுக்கடை நடக்கிறது.

பக்கத்துத் தெருவான வெஸ்ட் போர்ட்டின் கதையில் இறந்தவர் யாரும் எழுந்து வரவில்லை. அக்காலத்தில் மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கப் போதுமான பிணங்கள் சட்டப்படி கிடைக்காது. கல்லறைகளைத் தோண்டித் திருடுவது தொழிலாகவே நடந்தது. பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டும் வேலையையும் மிச்சப்படுத்தினார்கள். 1828-இல் பிடிபடுவதற்குள் 16 பேரைக் கொன்று, ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியரிடம் உடல்களை விற்றார்கள். ஹேர் அப்ரூவர் ஆகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரியில் தூக்கில் தொங்கினான். அவன் உடலையும் அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பு. எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. மருத்துவப் பள்ளிகளுக்கு முறையாக உடல்கள் கிடைக்க 1832-இல் புதுச் சட்டம் வந்தது.

அடுத்து நிலத்துக்கு அடியில். 1788-இல் திறந்த சவுத் பிரிட்ஜுக்கு 19 வளைவுகள். கட்டடங்கள் சூழ்ந்துகொண்டதால் வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவற்றின் அடியிலுள்ள அறைகளில் முதலில் பட்டறைகளும் மதுக்கடைகளும் இருந்தன. நீர்க்கசிவு தாங்காமல் அவற்றை நடத்தியவர்கள் காலிசெய்ய, போக்கிடமில்லாத ஏழைகள் குடியேறினார்கள். வெளிச்சம், காற்று எதுவும் இல்லை. பிறகு இடிபாடு கொட்டி மூடிய அறைகளை 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோண்டித் திறந்தார்கள்.

உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் இந்த அறைகளுக்குள் தன்னார்வலர்களை அனுப்பிப் பார்த்தார். 2003-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வுப்படி, பேய் உண்டு என்று பேசப்பட்ட அறைகளில்தான் அதிகம் பேர் வினோத உணர்வுகளைச் சொன்னார்கள். முன்பே கதை கேட்டிருந்ததால் வந்த பயம் அல்ல அது. அறையின் உயரம், வெளிச்சத்தின் அளவு போன்றவையே அந்த உணர்வோடு ஒத்துப்போயின.

நடையின் உச்சம் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். பிணத்திருடர்களுக்குப் பயந்து சமாதிமேல் பொருத்திய இரும்புக் கூண்டுகள் இன்னும் இருக்கின்றன. திருச்சபை விவகாரத்தில் மன்னருக்குப் பணிய மறுத்துக் கிளர்ந்தெழுந்த நூற்றுக்கணக்கானோரை 1679-இல் தோட்டத்தை ஒட்டிய திறந்தவெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். குளிரும் பசியும் பலரைக் கொன்றன. அவர்கள்மீது வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சிக்கு ‘ரத்தக்கறை மெக்கன்சி’ என்றே பட்டப்பெயர். 1691-இல் இறந்த அவருக்கும் சமாதி இதே தோட்டத்தில்தான். அவர் ஆவி கீறுகிறது, தள்ளுகிறது என்ற பேச்சு 1990-களின் இறுதியில்தான் சூடுபிடித்தது. சிறைப்பகுதியின் கதவு இப்போது பூட்டியே இருக்கும். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்.

பேயாக உலவவிடப்பட்ட இந்த மனிதர் வேறொன்றும் செய்திருக்கிறார். வழக்கறிஞர்களுக்காக அவர் முன்னின்று உருவாக்கிய நூலகம் 1689-இல் திறந்தது. 1925-இல் அதன் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான் ஸ்காட்லாந்து தேசிய நூலகம். கல்லறைத் தோட்டத்தின் வாசலிலிருந்து சில நிமிட நடைதான். அங்கே கண்காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.