பெயர் சொல்லும் விளக்குகள்

கரையில் விளக்கு தெரிந்துவிட்டால் மட்டும் கப்பல் தப்பிவிடாது. அது எந்த ஊர் விளக்கு என்று தெரிய வேண்டும். வேறொரு விளக்கை இதுதான் என்று நம்பித் திரும்புவது கும்மிருட்டில் போவதைவிட மோசம். இருட்டில் போகிறவராவது பயந்து மெதுவாகப் போவார்.

குன்றுகளில் மூட்டும் தீக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1588-இல் ஸ்பெயினின் கடற்படை வந்தபோது இங்கிலாந்தில் குன்றுக்குக் குன்று தீ மூட்டிச் சேதி கடத்தினார்கள். அந்தத் தீ சொல்ல வேண்டியது ஒரே சேதி, அதுவும் எல்லோரும் முன்பே பேசி வைத்தது. கலங்கரை விளக்கங்களோ கரை நெடுக வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தான் யார் என்று சொல்லியாக வேண்டும். பகலில் கோபுரத்தின் நிறம் போதும். மெரினாவில் நிற்பதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் வெறும் அழகுக்கு அல்ல. இரவில்?

இரவில் தாளம்தான் பெயர். இதில் பெரும்பங்கு பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெனெலுக்கு. கண்ணாடி வில்லையில் ஒளி வளைவது அதன் மேற்பரப்பில்தான். நடுவிலுள்ள தடித்த கண்ணாடி வெறும் சுமை. அதை நீக்கிவிட்டு, வளைவை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது. நாலாபுறமும் சிதறும் ஒளியை வில்லையின் ஒவ்வொரு முகமும் ஒரு கற்றையாகத் திரட்டுகிறது. வில்லை சுழலச் சுழல, கற்றை நம்மைக் கடக்கும் கணத்தில் மட்டும் ‘பளிச்’. உள்ளே விளக்கு அணைவதே இல்லை! பின்னாளில் வில்லையைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். டன் கணக்கான கண்ணாடி, விரலால் தள்ளினாலே சுழன்றது.

10 நொடிக்கு 2 மின்னல் என்றால் ஒரு விளக்கு, 15 நொடிக்கு 3 என்றால் இன்னொன்று. கடல் வரைபடத்தில் அது குறித்திருக்கும். மாலுமி ஸ்டாப்வாட்சோடு எண்ணிச் சரிபார்ப்பார். அமெரிக்காவின் மைனாட்ஸ் லெட்ஜ் விளக்கு 1894 முதல் 1, 4, 3 என்று மின்னுகிறது. அதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் அர்த்தம் ‘ஐ லவ் யூ’, நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான்.

இதே சிக்கல் விண்வெளிக்கும் போனது. மூழ்கும் படகு செயற்கைக்கோளை எட்டிக் கூவ, 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் பழைய கருவிகள் இருந்தன. அவை கூவும், யார் கூவுவது என்று சொல்லத் தெரியாது. ஏடிஎம் இயந்திரமும் பீட்சா அடுப்பும் கசியவிட்ட அலைகளைக்கூட அபயக்குரல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. இப்போதுள்ள 406 மெகாஹெர்ட்ஸ் கருவி, ஒவ்வொரு முறை கூவும்போதும் தன் அடையாள எண்ணைச் சேர்த்தே அனுப்புகிறது. மீட்பு மையத்தார் பதிவேட்டில் எண்ணைப் பார்த்து முதலில் உரிமையாளருக்கு போன் போடுகிறார்கள். கருவி வீட்டுப் பரணில் கிடந்தபடி தவறுதலாகக் கூவியது என்றால், அந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும். ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டியதில்லை.