பெருங்கோப்புகளைப் பிழையின்றி அனுப்புதல்

அச்சேறிய நூல்களும் கையெழுத்துச் சுவடிகளும் காலத்தால் அழிவன. அவற்றை ஒளிப்படமாக்கிக் கணினியிற் சேர்த்து, தொலைவிலுள்ள காப்பகங்களுக்கு அனுப்பிவைத்தல் இக்காலத்து நூல்நிலையங்கள் பல மேற்கொண்டுள்ள நற்பணியாகும். ஒரு கல்லூரி நூல்நிலையத்திற் பழைய ஆண்டு மலர்கள் ஐம்பது உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றின் படத்தையும் தலைப்பு, ஆண்டு, பதிப்பாசிரியர் பெயர் முதலிய குறிப்புக்களோடு காப்பகத்திற் சேர்ப்பிக்க வேண்டும். ஒருவர் கணினியின்முன் அமர்ந்து ஐம்பது முறை படிவம் நிரப்புதல் கூடும். ஆயின் அது சலிப்பைத் தரும். சலிப்பினாற் பிழை நேரும். ஆதலின் இவ்வேலையை ஒரு சிறு நிரலிடம் ஒப்புவித்தல் வழக்கம். நிரல் சலிப்பறியாதது, ஆயினும் தனக்குச் சொல்லப்படாத எதனையும் அறியாதது. பாதி சென்ற கோப்பை முழுதும் சென்றதெனக் கொண்டு, மூலப் படத்தை அது அழித்துவிடுமாயின், இழந்த மலரை மீட்க வழியில்லை. இத்தீங்கு நேராவண்ணம் அனுப்பும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இணையத்தில் ஒரு கணினி கேட்டலும் மற்றொன்று விடையளித்தலும் ஆகிய உரையாடலுக்கு அமைந்த விதித்தொகுதி எச்.டி.டி.பி. எனப்படும். விடையளிக்கும் கணினியைச் சேவையகம் என்பர். ஜினீவா நகரத்தருகேயுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் இதனை வகுத்தார். 1991-ம் ஆண்டில் வழங்கிய முதல் வடிவில் ‘கெட்’ என்னும் ஒரே கட்டளை இருந்தது. அதனால் ஓர் ஏட்டைக் கேட்டுப் பெறலாமேயன்றி எதனையும் கொடுத்தற்கு இயலாது. கொடுத்தற்குரிய ‘போஸ்ட்’ என்னும் கட்டளை பின்னர்ச் சேர்ந்து, 1996-ல் வெளியான 1.0 பதிப்பின் விதியுரையில் இடம்பெற்றது. ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு கடிதத்தை ஒத்தது. கட்டளை வரி முதலில் நிற்கும். உறையின்மேல் எழுதும் குறிப்புக்களைப்போலத் தலைப்பு வரிகள் அதனைத் தொடரும். ஒரு வெற்று வரிக்குப்பின் உள்ளடக்கம் வரும். அவ்வுள்ளடக்கம் எவ்வகையது, எத்தனை பைட்டு நீளமுள்ளது என்பன தலைப்பு வரிகளாற் புலப்படும்.

படிவத்திலுள்ள சிறு குறிப்புக்களை அனுப்பும் பழைய முறை எளியது. ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் அதில் நிரப்பியதையும் சமக்குறியால் இணைத்து, கட்டங்களுக்கிடையே ‘&’ என்னும் குறியை இட்டு, ஒரே வரியாக்குவர். நிரப்பியதனுள்ளேயே இக்குறிகள் வருமாயின் மயக்கம் நேருமன்றோ? அதனைத் தவிர்த்தற்பொருட்டு, ஆங்கில எழுத்துக்கள், எண்கள், வேறு சில குறிகள் ஆகியவை ஒழிந்த ஒவ்வொரு பைட்டையும், ‘%’ என்னும் குறியும் அதன்பின் இரண்டு இலக்கங்களுமாக மாற்றுவர். இதனால் ஒரு பைட்டு மூன்றாகும். ‘தமிழ்’ என்னும் சொல் யூனிகோட் முறையில் 5 குறியீடுகளால் ஆயது, யூ.டி.எப்.-8 முறையில் அவை 15 பைட்டுகளாகும். மேற்கூறிய மாற்றத்தின்பின் 45 எழுத்துக்களாக நீளும். ஒரு தலைப்பு இவ்வாறு நீளுதலாற் கேடில்லை. படக்கோப்பு ஒன்று ஏறக்குறைய இரண்டரை மடங்காகப் பெருகுமாயின் அது வீண் சுமையேயாம்.

இக்குறையை நீக்க வந்ததே பல்பகுதி முறை. ஸீராக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த நேபெல், மாஸின்டர் என்னும் இருவர் 1995-ல் இதனை வெளியிட்டனர். மின்னஞ்சலிற் படங்களை இணைத்தற்கு 1992-ல் வகுக்கப்பட்டிருந்த ‘மைம்’ விதிகளை அவர்கள் படிவத்துக்கும் பொருத்தினர். இதன்படி எல்லைக் கோடாக ஓர் எழுத்துத் தொடரைத் தெரிந்தெடுத்து, அதனைத் தலைப்பு வரியில் முன்னரே அறிவிப்பர். பின்பு இரண்டு சிறுகோடுகளும் அவ்வெல்லைத் தொடரும் ஒவ்வொரு பகுதிக்கும் முன் நிற்கும்; இறுதியில் மட்டும் அத்தொடரின் பின்னும் இரண்டு சிறுகோடுகள் இடப்படும். ஒரு பகுதியில் தலைப்பு, மற்றொன்றில் ஆண்டு, பிறிதொன்றில் கோப்பு என இவை அமையும். கோப்பின் பைட்டுகள் யாதொரு மாற்றமுமின்றி உள்ளபடியே செல்லும். எல்லைத் தொடர் கோப்பினுள் எங்கும் வருதலாகாது. ஆதலாற் கருவிகள் அதனை நீண்டதாயும் எழுந்தமானமாயும் ஆக்கிக்கொள்கின்றன. நிரல் எழுதுவோர் உள்ளடக்கத்தின் வகையைத் தம் கையால் எழுதி, எல்லைத் தொடரைக் குறியாது விடின், சேவையகம் பகுதிகளைப் பிரித்தறிய மாட்டாது. அவ்வரியைக் கருவியே எழுத விடுதல் நன்று.

சிறு கோப்பிற்கு இவ்வளவே போதும். கோப்புப் பெரிதாகுங்கால் முதலில் தோன்றும் இடர் நினைவகத்தைப் பற்றியது. பைத்தான் மொழியிற் பலரும் கையாளும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்னும் நிரற்றொகுதி, பல்பகுதி வேண்டுகோளை முழுதும் நினைவகத்தில் ஆக்கிய பின்னரே அனுப்பும். 2 கிகாபைட்டுக் கோப்பை எளிய கணினி ஒன்று இவ்வாறு தாங்காது நின்றுவிடும். கோப்பைச் சிறிது சிறிதாக வட்டிலிருந்து படித்து, படித்ததை உடனே அனுப்புதலே தக்கது. ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ல் வெளியிட்ட ‘கர்ல்’ என்னும் கருவி இதனைத் தானே செய்யும். பைத்தானில் இதற்கெனத் துணைத் தொகுதிகள் உள. கோப்பின் அளவு முன்னரே தெரியுமாதலின் மொத்த நீளத்தைத் தலைப்பு வரியில் எழுதுதற்குத் தடையில்லை.

அடுத்த இடர் சேவையகத்தின் வரம்பு. ‘என்ஜின்எக்ஸ்’ என்னும் சேவையக நிரல், நிர்வாகி மாற்றாதவரை, 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட உள்ளடக்கத்தை ஏலாது. 413 என்னும் எண்ணால் மறுமொழி தரும். பி.எச்.பி. மொழியின் இயல்பான அமைப்பில் ஒரு கோப்பிற்கு 2 மெகாபைட்டும் வேண்டுகோள் முழுமைக்கும் 8 மெகாபைட்டும் வரம்பாகும். இதில் ஒரு வஞ்சம் உண்டு. 8 மெகாபைட்டைக் கடந்த வேண்டுகோளிற் குறிப்புக்களும் கோப்பும் வெறுமையாக்கப்பட்டு, சேவையகத்து நிரல் மட்டும் தொடர்ந்து ஓடும். அதனை எழுதியவர் இதனைக் கருதாதிருப்பின், ‘நன்று’ எனப் பொருள்படும் 200 என்ற எண்ணே விடையாக வரும். மறுமொழி நன்றாயினும் பொருள் சென்று சேரவில்லை! எச்.டி.டி.பி. 1.1 பதிப்பில், தலைப்பு வரிகளை மட்டும் முதலில் அனுப்பி, ‘தொடர்க’ எனப் பொருள்படும் 100 என்ற விடையை எதிர்நோக்கும் வழியுண்டு. மறுக்கப்படும் சுமையை வீணே சுமவாதிருத்தற்கு அது பெரிதும் உதவும்.

மூன்றாவது இடர் இணைப்பு அறுதல். நொடிக்கு 8 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில் 2 கிகாபைட்டு செல்ல 2,000 நொடி, அதாவது அரைமணிக்கு மேல் ஆகும். முப்பதாம் நிமிஷத்தில் மின்சாரம் நின்றுவிடின் முழுவதையும் மறுபடி தொடங்க நேரும். அதே கோப்பை 8 மெகாபைட்டு வீதம் 250 துண்டாக்கின், ஒரு துண்டிற்கு 8 நொடியே. அறுந்தால் இழப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அமேசான் நிறுவனத்தின் எஸ்-3 சேமிப்பகம் 2010-ல் இம்முறையை அளித்தது. அங்கே இறுதித் துண்டு ஒழிந்தவை 5 மெகாபைட்டுக்குக் குறைதலாகாது. துண்டுகள் 10,000-க்கு மிகலாகாது. ஒவ்வொரு துண்டிற்கும் ஓர் அடையாளம் பெற்று, முடிவில் அவற்றை வரிசையாகக் கூறி, ‘முடிந்தது’ என்று அறிவித்தல் வேண்டும். அறிவியாது விட்ட துண்டுகள் கோப்பாகத் தோன்றா. ஆயினும் இடத்தை அடைத்துக் கட்டணத்தை வளர்க்கும். ‘டஸ்’ என்னும் மற்றொரு விதிமுறையில், அறுந்த பின் நிரல் சேவையகத்தை நோக்கி, ‘இதுவரை எத்தனை பைட்டு வந்தன?’ என்று வினவி, அவ்விடத்திலிருந்தே தொடரும். தான் அனுப்பிய அளவை நம்பாது, அங்குச் சேர்ந்த அளவைக் கேட்டறிதலே இதன் சிறப்பு.

மீண்டும் அனுப்புதலிலும் எச்சரிக்கை வேண்டும். ‘புட்’ என்னும் கட்டளை, குறித்த இடத்தில் குறித்த பொருளை வைப்பது. இருமுறை அனுப்பினும் பயன் ஒன்றே. ‘போஸ்ட்’ அத்தகையதன்று. கோப்புச் சென்று சேர்ந்து, விடை மட்டும் வழியில் தவறியிருக்குமாயின், மறுமுறை அனுப்பிய நிரல் ஒரே மலரை இருமுறை பதிவுசெய்துவிடும். ஆதலின் முன்னர்ச் சென்றது பதிவாயிற்றா என்று வினவிய பின்னரே மீண்டும் அனுப்புக.

இறுதியாக, சரிபார்த்தல். ஷா-256 என்னும் கணக்கு எவ்வளவு பெரிய கோப்பிற்கும் 64 இலக்கமுள்ள ஒரு முத்திரை தரும். ஒரு பைட்டு மாறினும் முத்திரை வேறுபடும். அனுப்புமுன் கணித்த முத்திரையும், சேர்ந்த கோப்பிற்குக் காப்பகத்தில் கணித்த முத்திரையும் ஒத்திருப்பின், கோப்பு முழுமையாகச் சேர்ந்ததென்று துணியலாம். அவ்வாறு ஒத்த பின்னரன்றி மூலத்தை அழித்தல் ஒருபோதும் தகாது.

கணினி கற்கும் மாணவ நண்பர்கள் பலர் இத்தகைய நிரல்களை ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடுவர். எழுதியது ஓடுகின்றது என்பதனால் மட்டும் மனநிறைவு கொள்ளற்க. அனுப்புதல் ஒரு செயல்; சேர்ப்பித்தல் மற்றொரு செயல். பெற்றவர் வாய்மொழியால் அறியுமளவும் நம் கடமை முடிந்ததன்று. நூறாண்டுக்கு முன் ஒருவர் முயன்று அச்சிட்ட ஏடு, நூறாண்டுக்குப் பின் வருவோர்க்குக் கிடைப்பதும் கிடையாததும் இச்சிறு கவனத்தையே பொறுத்திருத்தல் கூடும்.