முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கினால்...



பெருநாளுக்கு மறுநாள் நம் பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு வால்பாறைக்கோ ஊட்டிக்கோ கிளம்புவது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு என் மகனும் போனான், பின்னால் அவன் மச்சானை உட்கார வைத்துக்கொண்டு. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதிக்கு மேல் இறங்கிய பிறகு ஒரு வளைவில் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கால் பிரேக்கை மிதித்து, மலைப் பக்கமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்திவிட்டான். அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அரை மணி நேரம் கழித்து லீவரைப் பிடித்துப் பார்த்தால் ஓரளவு கெட்டியாகவே இருந்ததாம். மீதி தூரத்தை ஊர்ந்து ஊர்ந்து இறங்கி வந்தார்கள்.

"முன்னாடியே எதுவும் தெரியலையாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு மாசமாவே மெத்து மெத்துன்னுதான் இருந்துச்சு அத்தா. ரெண்டு தடவ அமுக்குனா வந்துரும்" என்றான்.

அவனைத் திட்ட வாயெடுத்தவன் அப்படியே அடங்கிவிட்டேன். அதே வண்டியில் நானும் உக்கடத்துக்கும் குனியமுத்தூருக்கும் போய் வந்திருக்கிறேன். நானும் இரண்டு தடவை அமுக்கித்தான் ஓட்டினேன். நம் வீடுகளில் பலர் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

டிஸ்க் பிரேக்கில் கம்பி இல்லை. ஹேண்டில்பாரில் இருக்கும் சிறிய டப்பாவுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. லீவரைப் பிடித்தால் அது பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் ரப்பர் ஹோஸ் வழியாகக் கீழே காலிபருக்குப் போய், இரண்டு பேடுகளையும் டிஸ்க்கின் மீது இறுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது, அழுத்தத்தை அப்படியே அடுத்த முனைக்குக் கொண்டுபோகும். காற்று அப்படி அல்ல, அமுக்கினால் சுருங்கும். ஹோஸுக்குள் ஒரு சிறு குமிழி புகுந்தாலும் உங்கள் கைப்பலத்தில் ஒரு பங்கு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். கைக்குப் பஞ்சு மாதிரித் தெரிவது அதனால்தான்.

மலையில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு விதிக்கப்பட்ட அளவே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. தொடர்ந்து பிரேக் பிடித்தபடி இறங்கும்போது டிஸ்க்கின் சூடு காலிபருக்கு ஏறி, உள்ளே இருக்கும் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிறது. ஆற விட்டால் குமிழி அடங்கிவிடும், லீவரும் திரும்பி வந்துவிடும். "இப்ப சரியாயிருச்சு" என்று நம்பி மறுபடி ஓட்டினால் அடுத்த வளைவிலும் அதுவே நடக்கும்.

ஆகவே இரண்டாவது அமுக்கலில் லீவர் கெட்டியானால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பேடு தன் இடத்தைவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறது என்று வண்டி சொல்கிறது. அவசரத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் இரண்டாவது அமுக்கலுக்கு நேரம் கிடைக்காது.

வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, லீவரை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே ஈரமே தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை அன்றே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இறங்காமல் நின்றாலும் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே மாதிரி மெத்தென்றே இருந்தால், ஒருவர் லீவரைப் பிடிக்க இன்னொருவர் ஹோஸைக் கவனிக்கவேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் உப்புவது சில வண்டிகளில் கண்ணுக்கே தெரியும். ஊருக்குள் நன்றாக இருந்து, இறக்கத்தில் மட்டும் தொய்ந்தால் ஆயிலை மாற்றும் காலம் கடந்துவிட்டது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். டப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் புதிய ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். எங்கள் வண்டியில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது.

அதற்குச் சில மாதம் முன்பு ஒரு பட்டறையில் இதே குறையைச் சொன்னேன். டப்பாவைத் திறந்து, குறைந்திருந்த ஆயிலை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆயில் மட்டம் ஏன் குறைந்தது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆயில் தானாகத் தீர்ந்துபோகாது. மட்டம் இறங்கினால் ஒன்று பேடு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசியும். நிரப்புவது அந்த அடையாளத்தை மறைப்பதுதான்.

காற்றை வெளியேற்றுவதை நம் ஊரில் 'ஏர் எடுப்பது' என்பார்கள். கையில் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஹேண்டிலைத் திருப்பி டப்பாவைச் சமமாக வைத்து மூடியைக் கழற்றவேண்டும். காலிபரில் இருக்கும் நிப்பிளில் ஒரு கண்ணாடி டியூபைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். லீவரை மெதுவாக மூன்று நான்கு தடவை அமுக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் ஆயிலும் குமிழியும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விடவேண்டும். முந்தி விட்டால் வெளிக்காற்றை நாமே உள்ளே இழுத்துவிடுவோம். குமிழி நின்று, வருகிற ஆயில் தெளிவாகும் வரை இதையே திரும்பச் செய்யவேண்டும். இடையில் டப்பா காலியாகிவிட்டால் முதலிலிருந்துதான். இதற்குப் பிறகும் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் டியூபால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். மிச்சமிருக்கும் சிறு குமிழிகள் மேலே ஏறிவிடும்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். பிரிக்காத சிறிய பாட்டிலாக வாங்குங்கள். திறந்து அலமாரியில் வைத்த பாதி பாட்டில் ஈரம் குடித்திருக்கும். என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், அது விஷமும்கூட. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புதிய பேடு மாட்டிய அன்று வண்டியை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும் வரை அமுக்கவேண்டும்; மறந்துவிட்டால் முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது.

முன் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே கேபிளும் பிரேக் ஷூவும்தான் பார்க்கவேண்டியவை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அத்தகைய வண்டியில் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் வீட்டில் எடுப்பது கடினம், கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள். "பின் பிரேக் இருக்கிறதே, போதும்" என்பவர்களுக்கு ஒன்று: பிரேக் பிடித்ததும் பாரம் முழுக்க முன்னால் சாய்கிறது, பின் சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. வேகத்தில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான்.

கடைசியில் எங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றி, ஏர் எடுத்து, தேய்ந்த பேடுகளையும் மாற்றினோம். ஆன செலவு அந்த மலைப் பயணத்துக்குப் பெட்ரோல் போட்ட காசைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிரஸ்ட் அலுவலக வாசலுக்கு வருகிறார். லீவரைப் பிடித்துப் பார்த்து நிலைமையைச் சொல்வார், ஏர் எடுப்பதையும் செய்து காட்டுவார். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, ஆயிலும் பேடும் தேவைப்பட்டால் அவரவரே வாங்கிவரவேண்டும். டெலிவரி வேலைக்குப் போகும் பிள்ளைகள் 9 மணிக்கே வந்துவிட்டால் அவர்கள் வண்டியை முதலில் பார்த்து அனுப்பிவிடலாம்.